கடைசிப் பக்கத்தைப் படிக்காத சிறுமி

நான் அந்தமானில் மாயாபந்தரில் தச்சு வேலை செய்கிறேன். என் மனைவி சிறுவர் கதைகள் எழுதுகிறவள். மெயின்லேண்டில் உள்ள பதிப்பகத்துக்கு அவள் அனுப்பிய புதுக்கதை திரும்பி வந்துவிட்டது.

"இனிமே எழுதலைங்க. யாரு படிக்கிறாங்க?" என்றாள்.

"சரி" என்றேன்.

அன்று ரங்கத் ஊரில் வேலைக்கு மரம் பார்த்துவிட்டு பஸ்ஸில் திரும்பினோம். பக்கத்து சீட்டுச் சிறுமி கையில் என் மனைவி எழுதிய ஆமைக் கதைப் புத்தகம். கடைசிப் பக்கம் வந்ததும் படிக்காமல் மூடிவிட்டாள்.

"ஏன் பாப்பா, பிடிக்கலையா?" மனைவி கேட்டாள்.

"நஹி ஆன்ட்டி! படிச்சா முடிஞ்சிடும்ல? ஆமை எங்கூடவே இருக்கட்டும்."

மனைவி தான் யாரென்று சொல்லவில்லை. என் காதில் செருகியிருந்த பென்சிலை உருவினாள். பையில் கிடந்த, திரும்பி வந்த கதையின் பின்பக்கத்திலேயே எழுதத் தொடங்கினாள்.

எத்தனையோ கதவுகள் செய்திருக்கிறேன். விட மனமில்லாமல் எதையும் யாரும் பிடித்துக்கொண்டு நின்றதில்லை.