தோல் ஊரில் கத்திக்கு உறை

கத்தி தீட்டத் தெரிந்தவன் தெருவுக்குத் தெரு இருக்கிறான். தீட்டிய கத்தியை மறுநாள் காலைவரை துரு ஏறாமல் காப்பாற்றுகிறவன்தான் தொழில்காரன். ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடுகிற இடத்தில், கத்திக் கொட்டகை என் பொறுப்பு. ஊரில் என்னைக் 'கத்தி ஆசீர்வாதம்' என்பார்கள். யாரையும் குத்தி வாங்கிய பட்டம் அல்ல, பயப்படாதீர்கள். அடைமழையில் அரிவாள்மணையோடு மல்லுக்கட்டியவர்களும், பெட்டிப் பூட்டுக்கு எண்ணெய் விட்டே அலுத்துப்போனவர்களும் இதைப் படித்தால் என் பாடு புரியும்.

குளிப்பாட்டும் உத்தியோகம்

உங்கள் வீட்டில் துருவுக்குத் தண்ணீர் மட்டும்தான் காரணம். எங்களுக்குக் கூடவே உப்பும் உண்டு. பச்சைத்தோல் கெடாமல் இருக்க உப்புப் போட்டுத்தான் வண்டியில் வந்து இறங்கும். பிறகு அந்த உப்பு தரையில், சுவரில், ஆட்களின் வேட்டியில், எங்கும் இருக்கும். தோலின் உள்பக்கத்துச் சதையைச் சீவும் கத்தி, இரண்டு முனையிலும் கைப்பிடி வைத்த நீளமான வளைந்த கத்தி. சாயங்காலம் ஆட்கள் அதைக் கொட்டகையில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். நான் அதை நல்ல தண்ணீரில் கழுவி, தவிட்டில் புரட்டி ஈரம் எடுத்து, மேலே சுண்ணாம்பைக் குழைத்துப் பூசி ஆணியில் மாட்டுவேன். சுண்ணாம்பு இருக்கிற இடத்தில் துரு அண்டாது. அதையும் மீறித் துரு ஏறினால் புளிக்கரைசலில் ஊறவைத்து, செங்கல் பொடி போட்டுத் தேய்த்து, சாம்பல் தண்ணீரில் அலச வேண்டும். அலசாமல் விட்டால் துருவை எடுத்த புளியே கத்தியையும் எடுத்துவிடும்.

இதையெல்லாம் நான் ரசித்துச் செய்வேன். என் கொட்டகையிலிருந்து காலையில் வெளியே போகிற கத்தியில் முகம் பார்த்து மீசை திருத்தலாம். சதை சீவுகிறவர்களில் கைவேகம் உள்ளவன் முனுசாமி. ஒருநாள் நான் அவன் கத்தியைத் துடைப்பதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். "மேஸ்திரி, எங்க ஊட்ல என்னைக்கூட யாரும் இப்டி தொடச்சி வெச்சதில்ல" என்றான்.

பெருநாள் வெகுமதி

எங்கள் முதலாளி சாயபுக்குத் தம் தோலின்மேல் இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறி, கப்பலேறி லண்டனுக்குப் போகிற தோல் அது. ஒரு ரம்ஜான் பெருநாளுக்கு ஆட்களுக்கு என்ன தரலாம் என்று யோசித்தவர், ஒவ்வொரு கத்திக்கும் அந்தத் தோலிலேயே உறை தைத்துக் கொடுத்துவிட்டார். பார்க்கப் பார்க்க ஆசையாக இருக்கும் உறை. தோல் ஊர்க்காரர்கள் எதையும் தோலில் போட்டு மூடினால்தான் திருப்தி அடைவார்கள்; நானும் இந்த ஊர்க்காரன்தானே, தடவிப் பார்த்துச் சொக்கிப்போனேன்.

கூடவே ஓர் உத்தரவும் வந்தது. இனி கத்திகள் என் கொட்டகைக்கு வர வேண்டாம். அவரவர் கத்தியை அவரவரே துடைத்து உறையில் போட்டு, தம் இடத்திலேயே மாட்டிக்கொள்ளட்டும் என்றார்கள். வாரம் ஒருநாள் தீட்டுவதோடு என் வேலை முடிந்தது. கொட்டகையில் ஆணிகள் மட்டும் மிஞ்சின. வாலாஜாபேட்டையிலிருந்து புதிதாக வந்திருந்த மேனேஜர் அங்கே எட்டிப் பார்த்தார். "உறை வந்துட்ச்சி. இனிமே கொட்டாய்க்கும் வேலையில்ல, கொட்டாய்க்காரனுக்கும் வேலையில்ல" என்றார்.

வெள்ளையில் ஒளிந்த கறுப்பு

கொஞ்ச காலத்தில் தோலில் கரும்புள்ளி விழ ஆரம்பித்தது. இரும்பும் பட்டைச்சாறும் சேர்ந்தால் மை மாதிரி கறுத்துவிடும். இது எங்கள் ஷாப்பில் கூட்டிப் பெருக்குகிறவருக்கும் தெரியும். சீவும்போது தோல் வெள்ளையாகத்தான் இருக்கும். அதில் ஒட்டிய துருத்தூள் கண்ணுக்குத் தெரியாது. பட்டைத் தொட்டியில் இறங்கிய பிறகுதான் தன் வேலையைக் காட்டும். அப்புறம் எந்தச் சோப்புப் போட்டாலும் போகாது. புள்ளி விழுந்த தோலை, எங்கள் சரக்கைக் கப்பலேற்றும் மெட்ராஸ் ஏஜெண்டு தொட்டுக்கூடப் பார்க்க மாட்டார்.

பழி என் சாணைக்கல்லின்மேல் விழுந்தது. நான் தீட்டும்போது ஒட்டுகிற இரும்புத்தூள்தான் காரணம் என்று மேனேஜர் முதலாளியிடமே சொல்லிவிட்டார். அடுத்த சரக்கிலும் புள்ளி இருந்தால் ராணிப்பேட்டையிலிருந்து வேறு ஆளைக் கொண்டுவருவதாகப் பேச்சு. துருவோடு சண்டை போட்டே பெயர் வாங்கிய என்னைத் துருவுக்கு அப்பன் என்கிறார்களே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. முனுசாமி ஆறுதல் சொல்ல வந்தான். "மேஸ்திரி, பேஜார் ஆவாதே. உன் கையில துரு இருந்தா, மொதல்ல உன் இரும்பு மோதரத்துலல்ல இருக்கணும்?" என்றான்.

சனிக்கிழமைத் தொட்டி

சும்மா அழுதுகொண்டிருந்தால் ஆகுமா? புள்ளி விழுந்த தோல்களெல்லாம் எந்தத் தொட்டியில் இருந்து வருகின்றன என்று தொட்டி தொட்டியாக அலைந்தேன். எல்லாத் தொட்டியிலும் கொஞ்சம் இருந்தது. ஆனால் சனிக்கிழமை சீவிய தோல் இறங்கிய தொட்டியில்தான் ஜாஸ்தி. எங்கள் ஷாப்பில் வெள்ளிக்கிழமை விடுமுறை; வியாழன் சாயங்காலம் உறைக்குள் போன கத்தி சனி காலைதான் வெளியே வரும். நான் தீட்டுவதோ திங்கட்கிழமை சாயங்காலம். என் கல்லில் குற்றம் என்றால் செவ்வாய்க்கிழமைத் தோல் அல்லவா கறுக்க வேண்டும்?

அந்த வியாழக்கிழமை சாயங்காலம் இரண்டு கத்திகளைக் கழுவித் துடைத்தேன். ஒன்றை உறையில் போட்டேன். மற்றதற்குச் சுண்ணாம்பு பூசி வெறுமனே மாட்டினேன். சனிக்கிழமை காலை முனுசாமியைக் கூப்பிட்டு இரண்டையும் கையில் கொடுத்தேன். சுண்ணாம்பைத் துடைத்த கத்தி பளபளத்தது. உறையிலிருந்து உருவியது உறையின் மடிப்பு, தையல் எல்லாம் தெரிகிற மாதிரி துருப்பிடித்திருந்தது. காற்றில் இருக்கிற ஈரத்தைத் தோல் குடிக்கிறது; தன் பட்டைச்சாற்றோடு சேர்த்துக் கத்திக்கு ஊட்டுகிறது. எனக்கு அந்த இடத்திலேயே குதிக்க வேண்டும்போல இருந்தது. முனுசாமி குதிக்கவில்லை. "சரி மேஸ்திரி, மொதலாளி தோலுதான் குத்தவாளின்னு மொதலாளிகிட்ட யார் போயி சொல்றது?" என்றான்.

குற்றவாளிக்குக் கிடைத்த மரியாதை

நான்தான் போனேன். முதலாளியின் தோலைக் குறை சொல்வது அவர் பெண்ணைக் குறை சொல்வதற்குச் சமம் என்று ஊருக்கே தெரியும். வேலை எப்படியும் போகப்போகிறது, பெயராவது மிஞ்சட்டும் என்று இரண்டு கத்தியையும் உறையையும் அவர் மேஜைமேல் வைத்து, நடந்ததைச் சொன்னேன். மேனேஜர் பக்கத்திலேயே நின்று தொண்டையைக் கனைத்தார். முதலாளி உறையை முகர்ந்தார். துருப்பிடித்த கத்தியை வெளிச்சத்தில் பிடித்து, விரலால் தடவி, அதில் பதிந்திருந்த தையலைக்கூடப் பார்த்தார். மெதுவாக அவர் முகம் மலர்ந்தது.

"பாத்தியா மேனேஜர், தச்சி இத்தினி மாசம் ஆவுது, பட்டையோட சத்து இன்னும் தோலை வுட்டுப் போவல. இரும்பையே தின்னுது நம்ம தோலு" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "ஆசீர்வாதம், கத்தியெல்லாம் இன்னிக்கே உன் கொட்டாய்க்குப் போவட்டும். உறையெல்லாம் மெட்ராஸ் ஏஜெண்டுக்கு சாம்பிளு அனுப்பிடு, துருப்புடிச்ச கத்தியோட."

ஆக, எங்கள் ஷாப்பில் ஏறிய துரு ஒன்றுதான், அதனால் வந்த பெருமையை மட்டும் நானும் முதலாளியும் ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டோம்.