அம்மா மாற்றித் தைத்த பயணப்பை

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் ஒவ்வொருவருக்கும் எங்கள் அம்மாவைத் தெரியும். சிலருக்கு அவர் அத்தை, சிலருக்குச் சின்னம்மா. நவுசோரி சந்தைப் பக்கம் பலருக்கு அவர் பைக்காரம்மா. அவர் மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில், மூத்த மகளாகிய நான் அவர் பேசிய தமிழிலேயே இதை எழுதுகிறேன். படிக்கத் தெரியாத பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் வாசித்து, இந்தியில் பொருள் சொல்ல வேண்டுகிறேன்.

அம்மா ஃபீஜித் தீவில் ராக்கிராக்கிக்கு அருகே ஒரு கரும்புத் தோட்டக் குடும்பத்தில் பிறந்தார். அவருடைய பாட்டனார் மதராஸிலிருந்து கூலிக் கப்பலில் வந்தவர். அம்மாவுக்கு இருந்தது ஒரே தம்பி. தாயை இளமையில் இழந்ததால், அந்தத் தம்பியைத் தூக்கி வளர்த்ததும் அவர்தான். பேருந்து ஓட்டுநரான எங்கள் அப்பாவை மணந்து நவுசோரிக்கு வந்தார். எண்பத்தேழில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு அப்பாவின் வேலை ஆட்டம் கண்டது. அம்மா தலைநகர் சுவாவில் ஒரு துணி ஆலையில் சேர்ந்தார். காலர் தைக்கும் வரிசையில் உட்கார்ந்து, மற்ற வரிசைகளில் நடப்பதையும் கவனித்துக் கற்றுக்கொண்டார். சில ஆண்டுகளில் அந்த வேலையை விட்டு, வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, பழைய தையல் இயந்திரம் ஒன்றோடு சொந்தத் தொழில் தொடங்கினார்.

அவர் தைத்தது தாழை ஓலைக் கைப்பைகள். ரேவா ஆற்றுக்கு அக்கரையில், மண்ணின் மக்களான ஃபீஜியரின் கிராமத்திலிருந்து மேரேயா சித்தி ஓலைப் பின்னலைக் கொண்டுவருவார். உறவால் சித்தி இல்லை. நாங்கள் அப்படித்தான் கூப்பிட்டோம். அந்தப் பின்னலில் அம்மா உள்துணி வைத்து, கைப்பிடி பொருத்தி, சிவப்பு விதை மணிகளைக் கோத்து அழகு செய்வார். நாடி நகரை அடுத்த மார்டின்டாரில் ஒரு கடைக்காரர் அவற்றைச் சுற்றுலாப் பயணிகளுக்கு விற்றார்.

இரண்டாயிரத்தில், இந்திய வம்சாவளிப் பிரதமரை எதிர்த்த ஃபீஜியர் சிலரால் மறுபடியும் ஆட்சி கவிழ்ந்தது. சுவாவில் எங்களவர் கடைகள் எரிந்தன. ஊரடங்கு வந்தது. சுற்றுலாப் பயணிகள் வருவது நின்றது, மார்டின்டார் கடைக்காரர் பைகளை மூட்டையாகக் கட்டித் திருப்பி அனுப்பிவிட்டார். மேரேயா சித்தியும் வரவில்லை. நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு ரேடியோ கேட்டோம். பல வாரங்கள் கழித்து ஒரு காலையில் சித்தி ஓலைக் கட்டோடு வந்து வேலிக்கு வெளியிலேயே நின்றார்.

“தீதி, உள்ளே வரலாமா?” என்றார். அம்மாவை அவர் இந்தியில் அக்கா என்றுதான் அழைப்பார்.

“இத்தனை வருஷமா கேட்டியா? இன்னைக்கு என்ன புதுசா கேக்குற?” என்றார் அம்மா. அடுப்பில் தேநீர் ஏறியது. சித்தி ஓலைக் கட்டோடு உள்ளே வந்தார்.

அந்த ஆண்டே, நாட்டை விட்டுப் போன எங்களவர் பலரைப் போல, எங்கள் தாய்மாமாவும் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவில் குடியேறக் கிளம்பினார். தம்பிக்கென்று அம்மா தம்மிடம் இருந்ததிலேயே அழகான பையைக் கொடுத்தார். மாமி அதில் பித்தளை விளக்கையும் மசாலா இடிக்கும் சிறு கல்லுரலையும் வைத்துவிட்டார். நாடி விமான நிலையத்தில், வரிசையில் நிற்கும்போது கைப்பிடி தையலோடு பிய்ந்தது. கல் விழுந்த சத்தத்தில் எல்லோரும் திரும்பினார்கள். விளக்கு உருண்டு யாரோ ஒருவர் காலடியில் போய் நின்றது. மாமா குனிந்து பொறுக்கினார். பின்னாலிருந்து ஒருவர் சிரித்தார்.

“விடு அக்கா, பரவாயில்ல,” என்றார் மாமா. அம்மா தம் தோளில் இருந்த சால்வையை எடுத்து, பையைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிக் கொடுத்தார். அப்படித்தான் அக்காளும் தம்பியும் பிரிந்தார்கள்.

திரும்பும் வழியில் அம்மா அழுவார் என்று நினைத்தோம். அவர் சொன்னது ஒன்றுதான்: “நான் தெச்ச பை என் தம்பியை அத்தனை பேர் முன்னால குனிய வெச்சிருச்சு.”

மாமா போய்ச் சேர்ந்ததும் தொலைபேசியில் பேசினார். அங்கே சோதனை அதிகாரிகள் கல்லைக் கழுவிப் பார்த்து விட்டுவிட்டார்களாம். பையிலிருந்த மணிகளை மட்டும், விதை என்பதால் நாட்டுக்குள் விடமாட்டோம் என்று அங்கேயே வெட்டி எடுத்துவிட்டார்களாம். அம்மா ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டார். மறுநாள், கடைக்காரர் திருப்பி அனுப்பிய மூட்டையிலிருந்து ஒரு பையை எடுத்து, நூல் நூலாகப் பிரித்தார்.

“இது கடையிலிருந்து ஹோட்டலுக்குப் போற பை. கடல் தாண்டுற பை இல்ல,” என்றார்.

கைப்பிடி வாய்ப்புறத் தையலில் மட்டுமே தொங்கியது. பாரம் முழுவதும் அந்த நாலு அங்குல நூலில். அம்மா கெட்டியான கேன்வாஸ் பட்டையை ஒரு பக்கக் கைப்பிடியில் தொடங்கி, பையின் அடிவழியாகச் சுற்றி, மறுபக்கம் ஏற்றி, மீண்டும் அடிவழியாகக் கொண்டுவந்து சேர்த்தார். இனி பாரத்தைத் தையல் சுமக்காது, பட்டை சுமக்கும். அடியைத் தட்டையாக்கினார். பாஸ்போர்ட்டும் காகிதங்களும் வைக்க, உடம்போடு ஒட்டும் பக்கத்தில் ஓர் உள்பை வைத்தார். விதை மணி ஒன்றுகூட இல்லை.

மேரேயா சித்தி அதைப் பார்த்ததும் முகம் சுளித்தார். “என் பின்னலுக்கு மேலே இந்தப் பட்டையைப் போட்டு மறைச்சிட்டியே தீதி! இதுக்கு நான் எதுக்கு? சாக்கு போதுமே!”

அம்மாவுக்குக் கோபம் வந்தது. “பிய்ஞ்சு போனா உன் பின்னலும்தானே தரையில் கிடக்கும்?” என்றார். அன்று சித்தி தேநீர் குடிக்காமல் போய்விட்டார். ஆனால் அம்மா அந்தப் பையை அப்படியே விற்கவில்லை. சித்தி சொன்னதில் நியாயம் இருக்கிறது என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில் ஆற்றைக் கடந்து சித்தியின் வீட்டுக்கே போனார். இருவரும் தரையில் பையை வைத்து யோசித்தார்கள். பட்டைகளுக்கு நடுவே வரும் இடத்தின் அளவுக்கே தனியாகப் பின்னுவது, கறுப்பு ஓலைக் கோலம் முழுவதும் அந்த நடுப்பகுதியில் விழுவது என்று முடிவாயிற்று. அதன்பிறகு பட்டை, படத்துக்குச் சட்டம் போட்டது போல் ஆயிற்று.

பையைச் சோதித்தவர் அப்பா. உள்ளே ஆற்று மணலை நிரப்பி, தம் பேருந்தில் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் தொங்கவிட்டு, நவுசோரிக்கும் சுவாவுக்கும் ஓட்டினார். “என்ன டிரைவர், நீங்களும் ஊரை விட்டுக் கிளம்பிட்டீங்களா?” என்று பயணிகள் கேலி செய்தார்கள். கேலி செய்தவர்களில் சிலர் மாலையில் எங்கள் வீட்டைத் தேடி வந்து பைக்குச் சொல்லிவைத்தார்கள்.

புறப்படுகிற குடும்பங்கள் ஒன்றையொன்று பார்த்து வாங்கின. கோயிலில் ஒரு பெரியவர் அம்மாவை நிறுத்தி, “ஜனங்க ஊரைக் காலி பண்ணுறாங்க, நீ அதுக்குப் பை தெச்சுக் குடுக்குறியா?” என்று கேட்டார்.

அம்மா பணிவாகத்தான் பதில் சொன்னார்: “போறவங்க போகத்தான் போறாங்க, பெரியப்பா. நிமிர்ந்து போகட்டுமே.”

ஊர் அமைதியான பின் மார்டின்டார் கடைக்காரர் தாமே வந்தார். பழைய மணி வைத்த பை வேண்டும் என்றார். அம்மா முடியாது என்றார். கடைக்காரர் அரைமனதாகப் புதுப் பைகளை எடுத்துப்போனார். சில வாரங்களில் இன்னும் கேட்டு ஆள் அனுப்பினார். ஆலைகள் மூடியபோது வேலையிழந்த பெண்கள் எங்கள் கொட்டகைக்கு வந்தார்கள். ஆக்லாந்திலும் சிட்னியிலும் இருந்து உறவுகள் பை கேட்டுச் சொல்லி அனுப்பின.

எனக்கும் என் தம்பிக்கும் வெளிநாட்டில் வாழ்வு அமைந்தது. பிறகு பெற்றோருக்கும் அனுமதி வாங்கினோம். அம்மா வர மறுத்தார். “இந்தப் பொண்ணுங்க காலையில வந்து நின்னா யாரு கதவைத் திறப்பா?” என்றார். அப்பாவையாவது இசையவைக்கலாம் என்று பார்த்தோம். “உங்கம்மா இல்லாத ஊர்ல நான் எந்த பஸ்ஸை ஓட்டுறது?” என்று அவர் முடித்துவிட்டார்.

சுவா மருத்துவமனையில் கடைசி வாரத்திலும் அம்மா மாறவில்லை. தாதி ஒருவரின் சட்டைப்பை ஓரம் கிழிந்திருப்பதைப் பார்த்து, ஊசி நூல் கேட்டு வாங்கி, படுக்கையில் சாய்ந்தபடியே தைத்துக் கொடுத்தார். அந்தப் பெண் நன்றி சொன்னதற்கு, “பேனாவை இதுல வெக்காதம்மா, கீழ்த்தையல் பத்தாது,” என்றார். இரண்டு நாளில் அமைதியாகப் போய்விட்டார்.

அம்மாவைக் கனிவோடு பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் தாதியருக்கும், துக்கத்தில் எங்கள் வீட்டு அடுப்பையும் முற்றத்தையும் பார்த்துக்கொண்ட அண்டை வீட்டாருக்கும், கடல் கடந்து வந்த மாமாவுக்கும், இன்று கொட்டகையை அம்மாவின் இடத்தில் இருந்து நடத்தும் சாந்திக்கும், அவரோடு தைக்கும் சகோதரிகளுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

மேரேயா சித்திக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அம்மாவின் உடல் வீட்டுக்கு வந்த காலையில், அவர் தம் கிராமத்துப் பெண்களோடு வந்து, அவர்கள் தங்கள் சொந்தத்தின் சாவுக்கு விரிக்கும், ஓரமெல்லாம் வண்ணக் கம்பளி நூல் வைத்த ஒரு பெரிய பாயைக் கூடத்தில் விரித்தார். இத்தனை அழகான வேலையை நாங்கள் பார்த்ததில்லை. அப்பா அதைத் தடவிப் பார்த்து, “இதை எப்பம்மா பின்னின?” என்று கேட்டார்.

சித்தி அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்து, பாயின் சுருக்கத்தை நீவிவிட்டபடி சொன்னார்: “இது விக்கிறதுக்குப் பின்னினது இல்ல, அண்ணா.”