ஒரே வீடு, ஒரே ஊசி

பியூட்டி பார்லர் நடத்துகிறவளுக்கு முகத்தைத் திருத்தத் தெரிந்தால் மட்டும் போதாது, முகத்தில் அடித்தாற்போல் பேசுகிறவர்களிடம் சிரிக்கவும் தெரிய வேண்டும். எனக்கு இரண்டாவது வராது. திருத்துறைப்பூண்டி கடைத்தெருவில் ஒரு மாடியில் பார்லர் வைத்திருக்கிறேன். புருவம், பேஷியல், கல்யாண மேக்கப், காது மூக்கு குத்துதல் எல்லாம் உண்டு. சலூனோ பார்லரோ டாட்டூ கடையோ வைத்து, சுத்தம் என்று வாயைத் திறந்த பாவத்துக்கு வாடிக்கையாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்களே, உங்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பல்லில் கடித்த நூல்

சுகாதாரப் பதிவுக்கு மனு போட்டிருந்தேன். ஆய்வாளர் வந்தார். துண்டு, கத்தரிக்கோல், குத்திய ஊசியைப் போடும் டப்பா, கழிவு போகும் குழாய் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தவர் அமுதாவின் நாற்காலியருகில் நின்றுவிட்டார். அமுதா என்னிடம் வேலை செய்கிறவள். இந்த ஊரில் புருவம் எடுக்க அவளுக்கு இருக்கும் கை எனக்கே கிடையாது. எல்லாரையும் போல அவளும் நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டுதான் எடுப்பாள். அதை இனிமேல் வாயில் வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். வேலை செய்கிற இரண்டு பேரும் ரத்தம் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார்.

நூலைக் கழுத்தில் மாட்டி இழுக்க அமுதா பழகிக்கொண்டாள். பழகாதவர் ரோஸ்மேரி டீச்சர்தான். மாதா கோயில் தெருவில் இருக்கிறார், ஓய்வு பெற்றவர், புருவ விஷயத்தில் மட்டும் ஓய்வே கிடையாது. கண்ணாடியில் இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "வசந்தி, பல்லால கடிச்சு இழுத்தாத்தான் முடி வேரோட வரும். கவர்மென்டு ஆளு வந்துட்டுப் போனதும் உங்க ரெண்டு பேருக்கும் பவுசு வந்துடுச்சு."

அந்த ஆள் கேட்டான்

பரிசோதனையில் எனக்கு ஒன்றுமில்லை. அமுதாவுக்கு மஞ்சள்காமாலை பி கிருமி இருந்தது. பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா பொறுமையானவர். தொட்டால் வராது, சேர்ந்து சாப்பிட்டால் வராது, ரத்தத்தின் வழியாகத்தான் முக்கியமாகப் பரவும் என்று எனக்கு விளங்கும்வரை சொன்னார். அமுதா புருவம் எடுக்கலாம், மேக்கப் போடலாம். கையில் வெட்டுக்காயம் இருந்தால் மூட வேண்டும், காது குத்தும் வேலை மட்டும் வேண்டாம். வீட்டில் எல்லாரும் பரிசோதித்துக்கொண்டு தடுப்பூசி போட வேண்டும். அமுதாவின் புருஷன் குத்தகை நிலத்தில் சம்பா போட்டு வெள்ளத்தில் விட்டவர். இவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது, மகள் பள்ளிக்கூடம் போகிறாள். இந்த வேலை போனால் நடவும் களையும்தான், அதுவும் வருஷம் முழுக்கக் கிடையாது. அதனால் டாக்டரம்மா பேசப் பேச அவள் கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்றுதான்: "வேலை செய்யலாம்ல?"

எங்கிருந்து வந்திருக்கும் என்று நான்தான் கேட்டேன். முன்கையைத் திருப்பிக் காட்டினாள். நாத்தனார் பெயர் பச்சை குத்தியிருந்தது. அவள் கையில் இவள் பெயர் இருக்கிறதாம். ஊர்த் திருவிழாக் கடையில் ஒருத்திக்கு அடுத்து ஒருத்தி உட்கார்ந்து குத்திக்கொண்டார்கள். நாத்தனாரையும் பரிசோதித்ததில் அவளுக்கும் இருந்தது. அதனால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் அப்படித்தான் இருக்கும் என்றார் டாக்டரம்மா. எனக்கு அந்தக் கடைக்காரன் மேல் ஆத்திரமாக வந்தது, கட்டையில போறவன் என்று திட்டியும் விட்டேன். அமுதா தடுத்தாள். "அவன் மேல தப்பில்லக்கா. ஊசிய மாத்தவான்னு அந்த ஆளு கேட்டான். நாங்கதான் ஒரே வீடு, எதுக்குங்க வேற ஊசின்னு சொன்னோம்."

ஆய்வாளர் கேட்காதது

பதிவு கிடைக்காதோ என்ற பயத்தில் நானே போய் ஆய்வாளரிடம் விஷயத்தைச் சொன்னேன். டாக்டரம்மா சொன்ன நிபந்தனைகளை ஒருமுறைக்கு இருமுறை கேட்டுக்கொண்டார். குத்துகிற வேலை நான் மட்டும் செய்வதாக ஒப்புக்கொண்டேன். கடைக்கு வருகிறவர்களிடம் சொல்ல வேண்டுமா என்று கேட்டேன். அந்தக் கேள்விக்காக அவர் என்னைத் திட்டியிருந்தாலும் தகும், ஆனால் அமைதியாகத்தான் சொன்னார்: "யாரு ரத்தத்துல என்ன இருக்குன்னு ஊருக்குச் சொல்றது என் வேலையும் இல்ல, உங்க வேலையும் இல்லங்க. எல்லாருக்கும் புது ஊசியா, அதப் பாருங்க."

கையுறை

அன்றிலிருந்து அமுதா புருவத்துக்கும் கையுறை போட்டாள். டாக்டரம்மா அவ்வளவு தூரம் சொல்லவில்லை. அவளுக்கு மனசு கேட்கவில்லை. பக்கத்துக் கிராமத்திலிருந்து கல்யாணத்துக்குப் புறப்பட்டு வந்த ஒரு பெண், அமுதா கையுறை மாட்டுவதைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். முகம் சிவந்து கண்ணில் தண்ணீர் நின்றது. அவள் எதைப் பட்டு வளர்ந்தவள் என்பது அந்த ஒரு பார்வையிலேயே தெரிந்தது. எனக்குக் கோபம் வரவில்லை, வெட்கமாக இருந்தது. அமுதாவால் உண்மையைச் சொல்லவும் முடியவில்லை, கையுறையைக் கழற்றவும் முடியவில்லை. அந்தப் பெண் என்னிடம்தான் கேட்டாள்: "காசு குடுத்துத்தானே வர்றோம், எங்களத் தொட்டா ஒட்டிக்குமா?"

பங்காளிப் பிள்ளைகள்

தை மாதம். தங்கராசு என்பவர் தன் மகனையும் தம்பி மகனையும் கோயிலில் மொட்டையடித்து, சந்தனம் காயாத தலையோடு காது குத்த அழைத்து வந்தார். கூடவே வீட்டார், தாய்மாமன்கள், அர்ச்சனைத் தட்டு. மூத்தவன் மாமன் மடியில் உட்கார்ந்துவிட்டான். நான் ஊசிப் பாக்கெட்டைப் பிரித்துவிட்டு, தம்பி மகனுக்கென்று இன்னொன்றை எடுத்து வைத்தேன். தங்கராசு கையை நீட்டித் தடுத்தார். அவர்கள் வீட்டில் பங்காளிப் பிள்ளைகளுக்கு ஒரே ஊசியில்தான் குத்துவார்களாம். நாளைக்கு நிலத்தைப் பாகம் பிரித்தாலும் மனசு பிரியாமல் இருக்குமாம். அவரும் அவர் தம்பியும் அப்படிக் குத்திக்கொண்டவர்கள்தானாம்.

முடியாது என்றேன். கொதிநீரில் போட்டு எடுத்துக் குத்துங்கள் என்றார். அதுவும் முடியாது என்றேன். எனக்கு நயமாகப் பேச வராது என்று முதலிலேயே சொன்னேனே, குரல் ஏறிவிட்டது. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சொன்னபடி குத்துகிற ஆள் வேறு இடத்தில் இருக்கிறார் என்று எழுந்தார். மாமன்களும் எழுந்தார்கள். மூத்தவன் படிக்கட்டுவரை போய்விட்டான்.

உள்ளே துண்டு மடித்துக்கொண்டிருந்த அமுதா வெளியே வந்தாள். அவள் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. பேசாமல் இருந்திருந்தால் அவள் வேலைக்கு ஒன்றும் ஆகியிருக்காது. கண்ணால் வேண்டாம் என்றேன். கடை நிறைய ஆட்கள் இருக்க, அவள் முன்கையைத் தங்கராசுவிடம் நீட்டினாள். "இது என் நாத்தனா பேருங்க. ரெண்டு பேரும் ஒரே ஊசியில குத்திக்கிட்டோம். இப்ப ரெண்டு பேரு ரத்தத்துலயும் மஞ்சக்காமாலைக் கிருமி இருக்கு. ஒத்துமைக்கு ஒண்ணும் குறைச்சல் இல்லங்க, ஒரே பஸ்ஸுலதான் பெரியாஸ்பத்திரிக்குப் போறோம்."

காலி நாற்காலி

தங்கராசு குனிந்து அந்தக் கையிலிருந்த பெயரைப் படித்தார். பிறகு படிக்கட்டிலிருந்து மூத்தவனைக் கூப்பிட்டார். இரண்டு பாக்கெட் பிரித்தேன், இரண்டு பிள்ளைகளுக்கும் குத்தினேன். போகும்போது அவர் வீட்டுப் பெண்கள் அமுதாவின் நாற்காலியைச் சுற்றிக்கொண்டு போனார்கள். நான் பார்த்தேன், அவளும் பார்த்தாள்.

அந்த வாரமே கல்யாணப் பெண்கள் ஒவ்வொருவராக போன் செய்து, தஞ்சாவூரில் சொந்தக்காரப் பெண் மேக்கப் போடுவதாகச் சொன்னார்கள். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தஞ்சாவூரில் சொந்தம் முளைத்துவிட்டது. வந்தவர்களும் என் நாற்காலிக்குத்தான் காத்திருந்தார்கள். அமுதாவின் நாற்காலி காலியாகக் கிடந்தது. ஒருநாள் மத்தியானம் அவள் தன் நூல்கண்டை என் மேஜையில் வைத்து, வேலையிலிருந்து நின்றுகொள்கிறேன் என்றாள். நீ நின்றால் நான் கடையை மூடுவேன் என்று கத்தினேன். சத்தியமாக மூடியிருப்பேனா, தெரியாது. அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்ததில் வேறு வார்த்தை கிடைக்கவில்லை.

அப்போதுதான் ரோஸ்மேரி டீச்சர் படியேறி வந்தார். அவருக்கும் செய்தி போயிருந்தது. சில வாரங்களாக வரவில்லை, புருவம் வரப்போரப் புல்லாக மண்டியிருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். என் நாற்காலியைக் கடந்து போய் அமுதாவின் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அமுதா கையுறையைத் தேடினாள். டீச்சர் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "கையில காயம் ஏதும் இல்லல்ல? அப்ப உறையில்லாமலே எடு, அது போட்டா வளைவு சரியா வரல. நூலை மட்டும் வாயில வச்சுடாதே."

கல்யாண மேக்கப் இன்னும் முழுசாகத் திரும்பவில்லை, கிடைத்த பதிவுச் சான்றிதழைச் சுவரில் மாட்டியும் அதைப் பார்த்து உள்ளே வந்தவர் ஒருவரும் இல்லை, ஆனால் மனுஷருக்குப் பயம் தெளிவதற்கு முன்னால் புருவம் வளர்ந்துவிடுகிறது என்பதால் அமுதாவுக்கு இன்றைக்கும் வேலை இருக்கிறது.