ஒன்பதிலிருந்து ஒன்பது போனால்

சீ என்று போய்விட்டது எனக்கு. ஞாயிறு பின்னேரம், மகளின் கூடைப்பந்து அணிப் பெற்றோருக்கான வட்ஸ்அப் குழுவில் யாரோ லீக் விதியொன்றைப் படம்பிடித்துப் போட்டிருந்தார்கள். சமைத்துக்கொண்டிருந்த நான் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பத் திரும்ப வாசித்தேன். இப்படியொரு கேவலமான விதியையும் படித்த ஆட்கள் கூடியிருந்து யோசித்து எழுதியிருக்கிறார்களே!

விஷயம் இதுதான். மகளுக்குப் பல்கலைக்கழகத்தில் இது கடைசி வருடம். லீக் ஆட்டங்கள் முடிந்தபோது அவளுடைய அணிக்கும், வடக்கே ஆறு மணித்தியாலம் கார் ஓடிப் போகவேண்டிய ஓர் ஊரின் அணிக்கும் ஒரே அளவு வெற்றி. ஒன்றுக்கு நாலாம் இடம், மற்றதுக்கு ஐந்தாம் இடம். நாலாம் இடக்காரர் அடுத்த ஆட்டத்தைச் சொந்த மண்டபத்தில் ஆடலாம். ஐந்தாம் இடக்காரர் அங்கே போய் ஆடவேண்டும். தோற்றால் அதோடு சரி. அது அவளுடைய கடைசி ஆட்டமாகவும் இருக்கலாம். அதை நான் கண்ணால் பார்க்கவேண்டும், எனக்கு வேண்டியது அவ்வளவுதான். இங்கே ஸ்காபரோவில், மோர்னிங்சைட் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் எனக்கு மூன்று மணிக்கு வேலை முடியும். புதன் பின்னேர ஆட்டம் இங்கே என்றால் பஸ் பிடித்தாவது போய்விடுவேன். வடக்கே என்றால் முழுநாள் லீவு வேண்டும். திடீரென்று கேட்டால் எந்த மனேஜர் தருவார்?

வெற்றிகள் சமன் என்றால், முதலில் இரண்டு அணியும் தங்களுக்குள் ஆடியதைப் பார்ப்பார்களாம். இரண்டு தரம் ஆடினார்கள், ஆளுக்கொரு வெற்றி. சரி, அந்த இரண்டு ஆட்டத்தையும் கூட்டினால் யாருக்குப் புள்ளி கூட? அங்கே ஒன்பது புள்ளியால் தோற்றோம். இங்கே ஒன்பது புள்ளியால் வென்றோம். ஒன்பதிலிருந்து ஒன்பது போனால் பூச்சியம். அதற்குப் பிறகு, முதலாம் இடக்காரரோடு யார் நன்றாக ஆடினார்கள் என்று பார்ப்பார்களாம். வடக்கு அணி அவர்களை ஒருமுறை வென்றிருந்தது. எப்போது? முதலாம் இடம் உறுதியான பிறகு, அவர்கள் தங்கள் நல்ல ஆட்டக்காரரையெல்லாம் வாங்கில் இருத்திவிட்டுச் சும்மா ஆடிய அன்றைக்கு. அந்தப் பிச்சை வெற்றியால் வடக்கு அணி நாலு, நாங்கள் ஐந்து. தூ!

ஒரேயொரு கூடை கூடப் போட்டிருந்தால் இந்தக் கண்டறியாத கணக்கு ஒன்றும் வந்திராது. அந்தக் கூடையைத் தடுத்த மனுஷர் அந்த நேரம் சோபாவில் இருந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

என் கணவர்தான். வடக்கு அணி இங்கே ஆட வந்த அன்று, அவர்களுடைய பெற்றோருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, இடைவேளையில் கோழி ரோல்ஸ் கொடுத்து உறவு கொண்டாடினார். வெற்றி நிச்சயமான பிறகு, கடைசி நிமிடத்தில் மகளை இறக்கினார்கள். அவளை எப்போதும் அப்படித்தான் இறக்குவார்கள். பந்து அவள் கையில், முன்னால் ஒருவரும் இல்லை. எறியக் கை தூக்கினாள். இவர் எழும்பி நின்று தமிழில் கத்தினார்.

“காணும் பிள்ளை, விடு! பாவங்கள்!”

அந்த மண்டபத்தில் அது விளங்கியது எங்கள் மூன்று பேருக்கு மட்டும்தான். அவள் நிமிர்ந்து பார்த்தாள். கையை இறக்கினாள். மணி அடிக்கும்வரை பந்தைத் தட்டிக்கொண்டு நின்றாள். ரோல்ஸ் தின்ற தகப்பன் ஒருவர் இவருடைய முதுகில் தட்டினார். இவருக்குச் சந்தோஷப் புளுகம் தாங்கவில்லை.

இப்போது போனை அவர் மூஞ்சிக்கு முன்னால் நீட்டினேன். வாசித்தார். முகம் செத்துப்போனது.

“இஞ்சரப்பா, உப்பிடி ஒரு ரூல் இருக்கெண்டு ஆருக்குத் தெரியும்? வெண்ட பிறகும் போட்டு அடிக்கிறது வடிவே?”

“வடிவு பாக்க அதென்ன கலியாண வீடே? ரோல்ஸ் குடுத்தது காணாதெண்டு நாலாம் இடத்தையும் குடுத்திட்டியள்!”

சத்தம் கேட்டு மகள் படியிறங்கி வந்தாள். அவர் மெல்லக் கேட்டார். “பிள்ளை, அண்டைக்கு நான் கத்தினது உனக்குக் கேட்டதே?”

“நோ அப்பா. ஜிம் ஸோ லவுட், ஒண்டும் கேக்கேல்லை.”

பச்சைப் பொய். அன்று மண்டபத்தில் பாதிக் கதிரை காலி. நான் குசினிக்குள் போனேன். விழுந்து கிடக்கிறவனை இன்னும் இரண்டு உதை உதை, பிறகு தேவைப்படும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற விதி. கையை இறக்கியவளைப் பிடித்துப் பின்னால் தள்ளுகிற விதி. அன்று சமைத்ததை நான் சாப்பிடவில்லை.

எனக்கு லீவு கிடைக்கவில்லை. புதன்கிழமை அவர் சுகமில்லை என்று வேலைக்குப் பொய் சொல்லிவிட்டு, பனிக்குள்ளால் வடக்கே கார் ஓடினார். நான் ஸ்காபரோவில் எங்கள் குசினி மேசையில், சீனிப் போத்தலில் போனைச் சாத்திவைத்து ஆட்டத்தின் நேரலையைப் பார்த்தேன். படம் நின்று நின்று வந்தது. இருபத்தொரு புள்ளியால் தோற்றுக்கொண்டிருந்தார்கள். சனம் எழும்பிப் போகத் தொடங்கிய பிறகுதான் மகளை இறக்கினார்கள். பந்து அவள் கைக்கு வந்தது. அவள் எறியவில்லை. அன்றைக்குப் போலவே தட்டிக்கொண்டு நின்றாள்.

அப்போது போனுக்குள்ளிருந்து அந்தக் குரல் வந்தது, தமிழில், தொண்டை கிழிய.

“அடி பிள்ளை! அடி!”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். எறிந்தாள். விழுந்தது.

பத்தொன்பது புள்ளியால் தோற்றார்கள். தோற்றவர் வீட்டுக்குப் போகிற ஆட்டத்தில் அந்த இரண்டு புள்ளியை எந்த விதியும் எண்ணப்போவதில்லை. வடக்கே அந்த மண்டபத்தில் ஒரேயொரு ஆள் கைதட்டுகிற சத்தம் கேட்டது. “விசர் மனுஷன்” என்று திட்டிக்கொண்டே, நானும் குசினிக்குள் எழும்பி நின்று தட்டினேன்.