பச்சைக் கோடு முடியும் இடம்

பாலத்தின் தொடக்கத்தில் சைக்கிள் பாதையின் பச்சைக் கோடு முடிகிறது. அங்கே மெஷின் அக்கா இறங்கிவிடுகிறார். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை.

அவருடைய வலது கால் சற்றுக் குட்டை. வலது பெடலில் மரக்கட்டை வைத்து டியூப் ரப்பரால் இறுக்கிக் கட்டியிருக்கிறார். ஏறி மிதித்துவிட்டால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. கடை கடையாகப் போய்த் தையல் மெஷின் பழுது பார்ப்பது தொழில். திறப்பதற்கு முன்பே சக்கரத்தைச் சுற்றிவிட்டு, கண்ணை மூடிக் கேட்பார். "எண்ணெய்க்கு அழுவுது" என்பார். சொன்னால் சொன்னதுதான்.

பாலத்தைத் தாண்டினால் மறுபடியும் பச்சைக் கோடு உண்டு. நடுவில், பாலத்தின்மேல் கோடு இல்லை, லாரிகள்தான். போன மழையில் ஒன்று உரசி முழங்கை கிழிந்தது. அன்றிலிருந்து கைப்பிடிச் சுவரை ஒட்டிச் சைக்கிளைத் தள்ளுகிறார். அக்கரை சேர்வதற்குள் இடுப்பு விட்டுப்போகிறது.

"நொண்டி, அந்தப் பக்கத்துக் கடைங்கள விட்டுடேன்" என்கிறான் தம்பி. சின்ன வயதிலிருந்து அப்படித்தான் கூப்பிடுவான்.

"போடா சொட்டை. பாதிக் கடை அங்கதான் இருக்கு. பாதி வயித்துக்கா சாப்பிடுறது?"

தம்பி சொல்லும் அதே 'நொண்டி'யை லாரிக்காரன் ஒருவன் கத்திவிட்டுப் போன அன்று மட்டும் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

சாலை அலுவலகத்துப் பொறியாளர் அந்தச் சொல்லைச் சொன்னதே இல்லை. "மாற்றுத்திறனாளிச் சகோதரி, உக்காருங்க" என்பார். பாலத்தின்மேலும் கோடு போடச் சொல்லி மாதம் ஒரு முறை மனுவோடு போன அக்காவை ஐந்து மாதமாக உட்கார வைத்தார். ஆறாம் முறை அக்கா உட்காரவில்லை.

"என் தம்பி நொண்டின்னுதான் சார் கூப்பிடுவான். கூப்பிட்டுட்டு, சைக்கிளுக்குக் காத்தடிச்சுக் குடுப்பான். நீங்க அழகா கூப்பிடுறீங்க, அதோட சரி. எனக்கு இதான் வலிக்குது."

பொறியாளர் கோப்பைப் புரட்டினார். "நடுவுல கொஞ்ச தூரம்தானேம்மா..."

"எவ்ளோ கொஞ்சம்னு பாத்துடலாம், வாங்க."

மறுநாள் காலை பொறியாளர் பாலத்துக்கு வந்தார். அக்கா பையிலிருந்து சிவப்பு நூல்கண்டு ஒன்றை எடுத்து, நுனியை அவருடைய விரலில் இரண்டு சுற்றுச் சுற்றினார்.

"விட்டுடாதீங்க சார்."

அவரை அங்கேயே நிறுத்திவிட்டு, கண்டு உருள உருள, அக்கா சுவரை ஒட்டி நடந்தார். பின்னால் ஹாரன் அலறியது. "ஏய் நொண்டி, ஓரம் போ!" பொறியாளர்தான் திடுக்கிட்டார். அக்கா திரும்பவில்லை.

அந்தப் பக்கத்துப் பச்சைக் கோட்டின்மேல் குட்டைக் காலை ஊன்றினார். தளர்ந்து கிடந்த நூலை விறைப்பாக இழுத்துப் பிடித்து, பொறியாளரின் விரலில் தெரியும்படி இரண்டு முறை சுண்டினார்.