காணிக்கைத் தட்டில் நான் வைத்த மாத்திரைப் பொட்டலம்

சபையார் அனைவருக்கும் வந்தனம். நான் தேவராஜ், மொரப்பூர் ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் குமாஸ்தாவாக இருந்தவன். ஒரே விஷயத்துக்கு இரண்டு முறை சாட்சி சொன்னவன் இந்த வட்டாரத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். முதல் சாட்சி தப்பு. அதனால்தான் இரண்டாவது; அதையே இன்று மறுபடி சொல்கிறேன்.

1968 கோடையில் எனக்குப் பிடரியில் வலி ஆரம்பித்தது. காலையில் எழுந்தால் தலை கனக்கும். படி ஏறினால் கண் இருட்டும். அரூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்தார். ரத்தக்கொதிப்பு என்றார். தினமும் மாத்திரை போட வேண்டும், உப்பைக் குறைக்க வேண்டும், மாதம் ஒரு முறை வந்து காட்ட வேண்டும். எனக்குக் கோபம் மூக்கின் மேல் நிற்கும். ஷெட்டில் கூட வேலை பார்த்தவர்கள், "இவருக்குக் கொதிக்காம வேற யாருக்குங்க கொதிக்கும்?" என்று சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. என் அப்பா நாற்பத்தெட்டு வயதில் பக்கவாதத்தில் போனவர். எனக்கு அப்போது நாற்பத்தாறு. பயந்தேன்.

மாத்திரை போட்டேன். ஜெபமும் செய்தேன். கருவாட்டையும் ஊறுகாயையும் என் மனைவி மேரி கண்ணிலேயே காட்டவில்லை. களிக்குத் தொட்டுக்கொள்ளும் கீரைக் கடைசலில் உப்பு பேருக்குத்தான் இருந்தது. மூன்று மாதத்தில் வலி போயிற்று. படி ஏறினேன், கண் இருட்டவில்லை. சுகமாகிவிட்டது என்று நானே முடிவு கட்டினேன். டாக்டரைக் கேட்கவில்லை. எனக்கே தெரிந்த விஷயத்தை அவரிடம் எதற்குக் கேட்பது என்று நினைப்பு.

அந்த வருஷ அறுப்பின் பண்டிகைக்கு மற்றவர்கள் பூசணிக்காயும் கேழ்வரகுக் கதிரும் கொண்டுவந்து படைத்தார்கள். நான் மீதமிருந்த மாத்திரைப் பொட்டலத்தைக் காணிக்கைத் தட்டில் வைத்தேன். "ஆண்டவர் என்னைச் சுகமாக்கிவிட்டார், இனி இது எனக்கு வேண்டாம்" என்றேன். சபை முழுக்க ஒரே அல்லேலூயா. ஆராதனை முடிந்ததும் நாலு பேர் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். உள்ளதைச் சொன்னால், அது எனக்கு நன்றாகவே இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மேரி மட்டும், "டாக்டர ஒருவாட்டி பாத்துட்டு விட்டிருக்கலாமுங்க" என்றாள்.

"சாட்சி சொன்ன வாயிலயே மாத்திரையும் போடறதா? சபையில தெரிஞ்சா என்ன சொல்லுவாங்க?" என்றேன். கருவாடு திரும்ப வந்தது.

எங்கள் சபையில் எஸ்தர் அக்கா என்று ஒருவர். தையல் மிஷின் வைத்துப் பிழைத்தவர். புருஷன் இல்லை, லீலா என்று ஒரே மகள். எனக்கு இருந்த வியாதிதான் அக்காவுக்கும். ஆஸ்பத்திரி வரிசையில் இருவரும் ஒன்றாக நின்றிருக்கிறோம். அடுத்த பிப்ரவரியில் ஒரு நாள் காலை, களி கிண்டிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். வாய் ஒரு பக்கம் கோணிவிட்டது. வலது கை விழுந்துவிட்டது. பேச்சு இல்லை. ஷெட்டுக்குப் புளி மூட்டை இறக்க வந்த லாரியில் படுக்க வைத்து அரூருக்குக் கொண்டுபோனோம். வழியில் லீலாவிடம், "அம்மா மாத்திரை ஒழுங்காப் போட்டாங்களா?" என்று கேட்டேன்.

"இல்லைங்க மாமா. நீங்க சாட்சி சொன்ன அன்னிக்கே அம்மாவும் நிறுத்திட்டாங்க. அவருக்குச் செஞ்ச ஆண்டவர் எனக்குச் செய்ய மாட்டாரான்னாங்க."

அந்தப் பெண் குற்றம் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். எனக்கு அந்த லாரியிலேயே உயிர் போய்விடக் கூடாதா என்றிருந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் முழங்காலிட்டேன். நீளமாக ஜெபம் செய்து பேர் வாங்கியவன் நான். அன்று ஒரு வரிதான் வந்தது. "ஆண்டவரே, நான் பேசின பேச்சுக்கு அவங்க வாயை அடைச்சுப்போடாதேயும்."

எழுந்தபோது டாக்டர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். ஏன் இத்தனை மாதமாக வரவில்லை என்றார். நடந்ததைச் சொன்னேன். என் கையில் பட்டையைச் சுற்றினார். உள்ளே படுத்திருந்தவருக்கு இருந்ததைவிட எனக்குக் கொதிப்பு அதிகம்.

"உங்களுக்கு ஒண்ணும் பண்ணலையா?"

"இல்லைங்க. நல்லாத்தான் இருக்கேன்."

"அவங்களும் நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்தாங்க."

பிறகு பொறுமையாக விளக்கினார். இந்த வியாதி பெரும்பாலும் வலிக்காது. உள்ளே ஏறிக்கொண்டே இருக்கும், கருவி வைத்துப் பார்த்தால்தான் தெரியும். எனக்கு உடம்பு தேறியதே மாத்திரையாலும் உப்பைக் குறைத்ததாலும்தான். தேறியதைக் காரணம் காட்டி நான் இரண்டையும் விட்டுவிட்டேன். அங்கேயே ஒரு மாத்திரை கொடுத்தார். விழுங்கினேன்.

நான்கு நாள் அக்கா பேசவில்லை. லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வராந்தாவிலேயே கிடந்தேன். ஐந்தாம் நாள் காலை லீலா என்னை உள்ளே கூப்பிட்டாள். என்னைப் பார்த்ததும் அக்காவின் உதடு அசைந்தது. பேச்சு குழறித்தான் வந்தது. ஆனால் வந்தது.

"தம்பி, நீங்க மாத்திர போட்டீங்களா?"

நான் தேம்பி அழுதுவிட்டேன்.

அடுத்த ஞாயிறு சபை முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அன்று யாரும் அல்லேலூயா சொல்லவில்லை. இப்போது ஏழு வருஷம் ஆகிறது. அக்கா உயிரோடு இருக்கிறார், பேசுகிறார், பாட்டுப் பாடும்போது கொஞ்சம் பின்தங்குவார். வலது கை மட்டும் வரவில்லை. மிஷினில் லீலாதான் உட்காருகிறாள். அந்தக் கைக்காக இன்றும் ஜெபிக்கிறேன். என் கோபமும் முழுதாகப் போய்விடவில்லை, பாதி போயிருக்கிறது என்கிறாள் மேரி. மாத்திரையை மட்டும் ஒரு நாளும் விட்டதில்லை. காலையில் ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுத்தான் போடுகிறேன். அதையும் ஆண்டவர் கொடுத்ததாகவே எண்ணுகிறேன்.

என் முதல் சாட்சியைக் கேட்டு மருந்தை நிறுத்தியவர்கள் இன்னும் யாராவது இருக்கலாம். எனக்குத் தெரியாது. இருந்தால் என்னை மன்னியுங்கள். மாதத்தின் முதல் திங்கட்கிழமை காலை அரூர் பஸ்ஸுக்கு நானும் அக்காவும் நிற்போம். ஜெபம் செய்துவிட்டு வாருங்கள். செய்ய மறந்தாலும் வாருங்கள், பஸ்ஸில் செய்துகொள்ளலாம்.