லோகநாயகியின் இரண்டு புட்டிகள்

கஜபதியை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. மனுஷன் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிவிட்டது, இனிமேல் அவரைத் திட்டி என்ன ஆகப்போகிறது என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார். ஒன்றும் ஆகாதுதான். ஆனால் அவரைத் திட்டாமல் அவர் மனைவி லோகநாயகியைப் பற்றிச் சொல்ல என்னால் முடியாது.

ஆவடியில், தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில், எங்களுக்கும் அவர்களுக்கும் பக்கத்துப் பக்கத்து வீடு. பின்கட்டில் நடுவே இடுப்பு உயரத்துக்கு ஒரு சுவர், அவ்வளவுதான். யார் ஊருக்குப் போனாலும் வீட்டுச் சாவி அடுத்த வீட்டில்தான் இருக்கும். என் வீட்டுக்காரரும் கஜபதியும் தொழிற்சாலையில் ஒரே ஷாப்பில் வேலை பார்த்தார்கள். நாங்கள் விருதுநகரிலிருந்து பிழைக்க வந்தவர்கள். லோகு அண்ணனூர்க்காரி. அவளுடைய அப்பா அம்மா அங்கே அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். இவள் எட்டாவது வரைக்கும் படித்துவிட்டு, மார்க்கெட் பக்கம் ஒரு சின்ன லேபில் கண்ணாடிக் குழாய் கழுவப் போனாள். கழுவிக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்துக் கற்றுக்கொண்டாள். டெக்னீஷியன் லீவு போட்டால் மூத்திரத்தில் சர்க்கரை பார்ப்பது லோகுதான். ஆள் ஒல்லி, வாய் மட்டும் பெரிசு. ரேஷன் கடையில் அவள் நின்றால் எடை போடுகிறவன் தராசை இரண்டு தடவை பார்ப்பான்.

கல்யாணமாகி ஒன்பது வருஷம், குழந்தை இல்லை. அதனால்தான் எலி வளர்க்கிறாள் என்று குவார்ட்டர்ஸில் பேசிக்கொண்டார்கள். வம்பு பேசுகிறவர்களுக்கு எல்லாவற்றுக்கும் ஒரே காரணம்தான் தெரியும். நடந்தது வேறு. மார்க்கெட்டில் லவ் பேர்ட்ஸ் விற்கிற ஒருத்தன் ஒரு கினிப்பிக்கை எண்ணெய் டின்னில் போட்டு வெயிலில் வைத்திருந்தான், தண்ணீர்கூட வைக்காமல். லோகு அவனைக் கிழி கிழி என்று கிழித்துவிட்டாள். "அவ்ளோ இரக்கம்னா நீயே தூக்கினு போ" என்றான். தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

முயலைவிடச் சின்னது, வால் கிடையாது, இரண்டு கையையும் சேர்த்தால் நிறைகிற அளவுக்கு இருந்தது. பழுப்பு, வெள்ளை, கறுப்பு மூன்றும் கலந்த ரோமம். கஜபதிதான் அதற்கு மிக்சர் என்று பேர் வைத்தார். நாங்கள் சீமை எலி என்போம், லோகுவுக்குக் கோபம் வரும். காய்கறிப் பையின் சரசரப்பு கேட்டால் போதும், வீக் வீக் என்று விசில் அடித்து வீட்டையே இரண்டாக்கும். அந்தச் சத்தத்துக்காகவே ஆளாளுக்கு அதற்கு எதையாவது கொடுத்தோம். கஜபதி டீயில் நனைத்த பிஸ்கட் கொடுப்பார். நான் வாழைப்பழம் கொடுப்பேன்.

எண்பத்தெட்டில் பொங்கல் முடிந்த கையோடு அது இளைக்க ஆரம்பித்தது. தின்பதில் குறைச்சல் இல்லை, ஆனால் தடவினால் முதுகெலும்பு கையில் தட்டுப்பட்டது. முன்பு நாளைக்கு ஒரு கிண்ணம் தண்ணீர் குடித்தது, இப்போது மூன்று கிண்ணம் குடித்தது. கூண்டில் விரித்த பேப்பர் எந்நேரமும் நனைந்து கிடந்தது. ஒரு காலையில் அந்தப் பேப்பரைத் தூக்கிச் சுவருக்கு மேலே என்னிடம் நீட்டினாள். ஈரத்தைச் சுற்றி எறும்பு மொய்த்துக்கொண்டிருந்தது.

"இன்னாக்கா இது? இதுக்குக் கூடவா சக்கர வியாதி வரும்?"

நான் சிரித்துவிட்டேன். எலிக்குச் சர்க்கரை என்றால் யார்தான் சிரிக்க மாட்டார்கள்? அவள் சிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் துடைத்த எவர்சில்வர் தட்டில் அதை உட்கார வைத்து, கொத்தமல்லித் தழையைக் கொடுத்துவிட்டுப் பொறுமையாகக் காத்திருந்தாள். அது மூத்திரம் போனதும் இங்க் ஃபில்லரால் உறிஞ்சிச் சின்ன மருந்துப் புட்டியில் விட்டாள். மெடிக்கல் ஷாப்பில் வாங்கி வந்த நீல மருந்தைக் குழாயில் ஊற்றி, அதில் எட்டுச் சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சினாள். சர்க்கரை இல்லையென்றால் நீலம் நீலமாகவே இருக்கும். கொஞ்சம் இருந்தால் பச்சை, அப்புறம் மஞ்சள், அதிகமென்றால் செங்கல் நிறம். மிக்சருக்குச் செங்கல் நிறம்தான் வந்தது.

துணிப்பையில் போட்டு மாட்டு ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போனாள். ஆடு மாடு பார்க்கிற டாக்டர்தான், ஆனால் நல்ல மனுஷர், என்னைப்போலச் சிரிக்கவில்லை. "வரும்மா, இதுக்கும் வரும். ஊசியெல்லாம் வேண்டாம். பிஸ்கட், பழம், கேரட், சோறு எல்லாத்தையும் நிறுத்து. புல் மட்டும் எவ்வளவு தின்னாலும் போடு. வாராவாரம் எடை பார். சில சமயம் தானாவே சரியாயிடும்" என்றாராம்.

அன்றிலிருந்து எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே சட்டம். என் வாழைப்பழம் பறிமுதல். வேலை முடிந்து வரும்போது தண்டவாள ஓரத்தில் அருகம்புல்லை அறுத்துக்கொண்டு வருவாள். மளிகைக் கடைத் தராசில் மிக்சரை வைத்து எடை பார்ப்பாள், கடைக்காரர் முகம் சுளித்ததைச் சட்டை செய்யவே இல்லை. சித்திரை பிறப்பதற்குள் குழாயில் நீலம் நின்றது. எடையும் ஏறியது. பெரிய படிப்பு படித்தவர்கள்கூட இப்படிப் பார்த்திருக்க மாட்டார்கள். அவள் முகத்தில் அப்போது இருந்த பெருமையை நான் பிறகு எப்போதும் பார்க்கவில்லை.

ஜூன் மாதம் தொழிற்சாலை மெடிக்கல் செக்கப்பில் கஜபதிக்குச் சர்க்கரை என்று சொன்னார்கள். லோகு ஒரு நாள் அழுதாள், மறுநாளே காரியத்தில் இறங்கிவிட்டாள். எலியைத் தேற்றியவளுக்குப் புருஷனைத் தேற்றத் தெரியாதா? சோறு பாதியானது. சர்க்கரை டப்பா பரண் ஏறியது. ஞாயிற்றுக்கிழமை டெஸ்டுக்கு இப்போது இரண்டு புட்டி. ஒரே மாதிரிப் புட்டிகள், ஒன்றில் 'க', ஒன்றில் 'மி' என்று எழுதிய பிளாஸ்திரி. மிக்சரின் புட்டியை ஜன்னலில் வைத்துவிட்டு அவள் குழாயடிக்குப் போவாள். கஜபதி தன் புட்டியை அதற்குப் பக்கத்தில் வைப்பார். தண்ணீர் பிடித்து வந்து விளக்கைப் பற்றவைப்பாள்.

முதல் இரண்டு வாரம் கஜபதிக்குச் செங்கல் நிறம். மூன்றாவது வாரம் நீலம். குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு என் வீட்டுக்கே ஓடி வந்தாள். "பாருக்கா, எம்மாம் சீக்கிரம் எறங்கிச்சு பாரு!" அடுத்த நிமிஷமே குரல் இறங்கியது. "மிக்சருக்குத்தான் மறுபடி ஏறிகீது. ஒண்ணு எறங்குனா ஒண்ணு ஏறுது, இன்னா தலையெழுத்தோ."

அதற்கு இரண்டு வாரம் கழித்து, துணி காயப்போட நான் பின்கட்டுக்கு வந்தபோது, கஜபதி ஜன்னலோரம் நின்று இரண்டு புட்டியிலிருந்தும் பிளாஸ்திரியை உரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பல்லைக் காட்டினார். "ஒட்ட மாட்டேங்குது அண்ணி, வேற ஒட்டறேன்" என்றார். அந்த வாரமே என் வீட்டுக்காரர் சாப்பிடும்போது சொல்லிச் சிரித்தார், கஜபதி கேண்டீனில் ஜாங்கிரியை ஒளித்து வைத்துத் தின்கிறாராம். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தெரியாமல் இல்லை. இஷ்டமில்லை. ஒரு எலிக்காக ஒரு குடும்பத்தில் மூக்கை நுழைப்பார்களா என்று வாயை மூடிக்கொண்டேன். எனக்கு என்னைப் பிடிக்காமல் போன நாட்களில் அதுவும் ஒன்று.

லோகு ஏமாளி இல்லை. மிக்சரின் மூத்திரம் எப்போதும் அரிசி களைந்த தண்ணீர் மாதிரிக் கலங்கலாக இருக்கும், அந்த இனமே அப்படித்தான். இப்போது அந்தப் புட்டி தெளிவாக இருந்ததை அவள் கவனித்தாள். தண்ணீர் அதிகம் குடிக்கிறது, அதனால் என்று நினைத்துக்கொண்டாள். கஜபதியின் புட்டி கலங்கியிருந்ததையும் கவனித்தாள். "நீ தண்ணியே குடிக்கிறதில்ல மாமா" என்று சொம்பு சொம்பாகக் கொடுத்தாள். எல்லாவற்றையும் சந்தேகப்பட்டாள், புருஷனைத் தவிர.

மாட்டு ஆஸ்பத்திரி டாக்டருக்கு அதற்குள் மாற்றல் ஆகிவிட்டது. கேட்க ஆள் இல்லை. புல்லிலும் சர்க்கரை இருக்கும் போல என்று அவளே முடிவு செய்து, காலையில் ஒரு பிடி, சாயங்காலம் ஒரு பிடி என்று குறைத்தாள். அப்புறம் அரைப் பிடி. மிக்சர் விடிந்ததிலிருந்து விசில் அடிக்கும். பை சரசரப்பு கேட்க வேண்டியதில்லை, யார் நடந்தாலும் கம்பியைப் பிடித்து நின்று கத்தும். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கே காதை அடைக்கும். கஜபதி கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். லோகு மனசு கேட்காமல் ஒரு தழையை எடுத்தால், "குடுக்காதமே, கெட்டுப்பூடும். அது சும்மா கத்தும்" என்பார்.

தீபாவளி கழிந்து மழை பிடித்த வாரத்தில் அந்தச் சத்தம் நின்றது. வெள்ளிக்கிழமை அது செத்துப்போயிருந்தது. கையில் எடுத்தால் பஞ்சாக இருந்தது. "இன்னாக்கா தப்பு பண்ணேன்? எல்லாம் சரியாத்தானே பண்ணேன்?" என்று லோகு கேட்டுக்கொண்டே இருந்தாள். கஜபதி மழையில் நனைந்துகொண்டு முருங்கை மரத்தடியில் குழி தோண்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது நடிப்பில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன், அதனால்தான் இன்னும் அதிகமாக எரிகிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளுக்கும் சேர்த்து நானே தண்ணீர் பிடித்துக்கொண்டு போனேன். லோகு விளக்கை எடுத்து வைத்திருந்தாள். கஜபதி அசையவில்லை.

"இன்னிக்கு வேணாம் லோகு. மனசு சரியில்ல."

"மனசு சரியில்லாதப்பதான் ஏறும். அத வுட்டுட்டேன். ஒன்னையும் வுட முடியாது மாமா, போய் புடிச்சினு வா."

அவர் என்னைப் பார்த்தார். நான் குடத்தை இறக்குகிற சாக்கில் திரும்பிக்கொண்டேன். வேறு வழியில்லாமல் புட்டியை எடுத்துக்கொண்டு போய் வந்தார். லோகு எட்டுச் சொட்டு விட்டுக் காய்ச்சினாள். நீலம் பச்சையானது, மஞ்சளானது, அப்படியே செங்கல் நிறத்துக்குப் போய் நின்றது.

"எலி போன துக்கம், அதான் ஏறிகீது" என்றார் கஜபதி. மிக்சர் என்று பேர் வைத்தவர், முதல் தடவையாக எலி என்றார்.

லோகு குழாயைக் கீழே வைத்துவிட்டுப் புட்டியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "இன்னிக்குக் கலங்கலா இல்லியே" என்றாள், யாரிடமும் சொல்லாமல். பிறகு ஜன்னலைப் பார்த்தாள், குழாயடிக்குப் போகிற வழியைப் பார்த்தாள். கடைசியில் என்னைப் பார்த்தாள். என் முகத்தில் என்ன இருந்ததோ தெரியவில்லை.

"ஒனக்குத் தெரியுமாக்கா?"

"பிளாஸ்திரி ஒட்டலைன்னு, வேற ஒட்டறேன்னு சொன்னாரு லோகு..." என்று இழுத்தேன்.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். ரேஷன் கடையை நடுங்க வைக்கிற அந்த வாய் அன்றைக்கு மெதுவாகத்தான் பேசியது. அதுவரைக்கும் மாமா என்பதைத் தவிர வேறு மாதிரி அவள் அவரைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

"யோவ், அது பசின்னு கத்திச்சு. நாலு மாசம் கத்திச்சு. நீ பக்கத்துல குந்திகினு பேப்பர் படிச்ச."

"ஒரு எலிக்குப் போய் இன்னாமே..."

"அதுக்கு எம்மேல எம்மாம் நம்பிக்க தெரியுமா? நான் வந்தா குடுப்பேன்னு கம்பிய புடிச்சினு நிக்கும். என் கையாலயே அத பட்டினி போட வச்சிட்டியேய்யா."

நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அவளுக்கென்று பிடித்து வந்த தண்ணீர்க் குடம்தான், எதற்குத் தூக்கினேன் என்று எனக்கே தெரியவில்லை.

அவள் அவரை விட்டுவிட்டுப் போகவில்லை. தொண்ணூற்று நாலில் கால் விரல் ஒன்றை எடுத்தார்கள், அப்போதும் அவள்தான் புண்ணைக் கழுவிக் கட்டினாள். பதினோரு வருஷம் சப்பாத்தி தட்டிப் போட்டாள், ஞாயிறு தவறாமல் டெஸ்ட் பார்த்தாள். ஒரே ஒரு வித்தியாசம். அவர் புட்டியோடு பாத்ரூமுக்குப் போனால், கதவைச் சாத்த விடாமல் இவள் வாசலிலேயே நிற்பாள். ஷாப்பில் சீனியர் மெக்கானிக்காக உயர்ந்த மனுஷன், மனைவி பார்த்துக்கொண்டிருக்கப் புட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவரும் ஒருநாளும் மறுத்துப் பேசவில்லை.

என்னோடு பேசாமலும் இல்லை. கறிவேப்பிலை கேட்பாள், குழம்பு கொடுப்பாள், நானும் கொடுப்பேன். அவர்கள் வெளியூர் போகும்போது மட்டும் வீட்டைப் பூட்டிவிட்டு என் வாசலைத் தாண்டி நடப்பாள். "வரேன்கா" என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். சாவியைக் கொண்டுபோய் நாலு வீடு தள்ளி வேம்புலியம்மாளிடம் கொடுப்பாள்.